படலைக்குள் மறைந்த பஞ்சம்: வாசகர் கேள்வி – பதில்

2022இல் இலங்கையை உலுக்கிய பொருளாதார நெருக்கடி போன்றவை வீட்டு வாழ்க்கையை எவ்வாறு மாற்றின, இன்றும் எவ்வாறு மாற்றிக்கொண்டிருக்கின்றன என்பது குறித்து வாசகர்கள் கேட்க விரும்புவதை எழுதியனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் பல ஒரே கவலையை வெவ்வேறு விதமாகச் சொல்லியிருந்தமையால், அவற்றில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் கணவர் கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர். 2022இல் சீமெந்து விலை ஏறியதிலிருந்து வேலை பாதியாகிவிட்டது. அப்போது வாங்கிய கடனை இன்றும் கட்டுகிறோம். மூத்தவளுக்கு 14 வயது, இளையவனுக்கு 10. வீட்டு நிலைமை பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் படிப்புக் குழம்பும் என்கிறார் அவர். நான் என்ன செய்வது?
– இல்லத்தரசி, கோண்டாவில்

பதில்: சகோதரி, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். கிழமையில் மூன்று நாள் வாங்கிய மீன் ஒரு நாளாகக் குறைந்ததையும், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின்னரே நீங்கள் குசினிக்குள் இருந்து சாப்பிடுவதையும், தொலைபேசி அடித்தால் தகப்பனார் எழுந்து முற்றத்துக்குப் போய்ப் பேசுவதையும் பதினான்கு வயதுப் பிள்ளை கவனிக்காமல் இருக்கமாட்டாள். அவளுக்குத் தெரியாதது அளவு மட்டுமே. எவ்வளவு கடன், யாருக்கு, எப்போது முடியும் என்பது தெரியாதபோது பிள்ளையின் மனம், இருப்பதைவிடப் பெரிய ஆபத்தையே நினைத்துக்கொள்ளும். வீடு போய்விடுமோ, அப்பா வெளிநாடு போய்விடுவாரோ, தன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று இரவில் விழித்திருக்கும். படிப்பைக் குழப்புவது அந்த விழிப்புத்தான். ஆகவே சொல்லுங்கள். ஆனால் நீங்கள் தனியே சொல்லாமல், உங்கள் கணவரே, நீங்களும் அருகில் இருக்கும்போது சொல்வது நல்லது. தாய் மட்டும் சொன்னால், தகப்பன் தங்களிடம் மறைத்தார் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் தங்கிவிடும்.

சொல்லும்போது தொகையைச் சொல்லுங்கள். “கஷ்டம், கஷ்டம்” என்று பொதுப்பட அலுத்துக்கொள்வது பிள்ளைகளைப் பயமுறுத்துமேயன்றி அவர்களுக்கு ஒன்றையும் விளக்காது. வருமானம் இவ்வளவு, கடன் தவணை இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, ரியூசனுக்கு இவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். மின்மானியை வாரந்தோறும் வாசித்து எழுதும் வேலையை மூத்தவளிடம் கொடுக்கலாம். எந்த ரியூசன் வகுப்பை நிறுத்தலாம் என்பதையும் அவளிடமே கேளுங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு இடங்களில் படிக்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடனுக்குச் சாமான் கேட்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். தவணை கேட்டு வருபவரிடம் “அப்பா வீட்டில் இல்லை” என்று சொல்லப் பிள்ளையைப் படலைக்கு அனுப்பாதீர்கள். பெரியவர்கள் வெட்கப்பட்டுச் செய்யாத இந்த இரண்டு வேலைகளையும் 2022இல் பல நல்ல குடும்பங்களில் சிறுவர்களே செய்தார்கள். பத்து வயதுப் பையன் அதன்பின் அந்தக் கடை இருக்கும் ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போகமாட்டான். காரணத்தையும் சொல்லமாட்டான்.

கேள்வி: 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் யாழ்ப்பாணக் குடும்பங்களைத் தொட்டதா? இங்கே தொழிற்சாலைகளோ பங்குச் சந்தையோ இருக்கவில்லையே.
– வரலாறு பயிலும் மாணவர், திருநெல்வேலி

பதில்: தொட்டது, அது கடல் வழியாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நம்மூர் இளைஞர்கள் இங்குள்ள மிசன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று மலாயாவுக்குப் போய், அங்கே புகையிரதப் பகுதியிலும் பொதுவேலைப் பகுதியிலும் மருத்துவமனைகளிலும் எழுதுவினைஞர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடரில்தான் இங்கே பல கல்வீடுகள் எழுந்தன, சகோதரிகளின் சீதனம் சேர்ந்தது, கோவில் திருப்பணிகள் நடந்தன. மலாயாவின் வருமானமோ றப்பரையும் தகரத்தையும் நம்பியிருந்தது. 1929 ஒக்ரோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து அந்த இரண்டின் விலையும் வீழ்ந்தது. அங்குள்ள அரசு ஆட்குறைப்புச் செய்தது. வேலையிழந்தவர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். தகரத்தையோ றப்பர்ப் பாலையோ கண்ணால் காணாத ஒரு தாய், மணியோடர் வராத மாதத்தில்தான் உலகச் சந்தையைப் பற்றி அறிந்தாள்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு செய்தியைத் தருகிறேன். அமெரிக்காவில் 1933இல் தொழிலாளர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் வேலையின்றி இருந்தார்கள். நாட்டுப்புறத் தாய்மார் மாவும் கோழித் தீனியும் வந்த துணிச் சாக்குகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். இதை அறிந்த நிறுவனங்கள் பின்னர் பூப்போட்ட துணியிலேயே சாக்குகளைத் தயாரித்தன. இங்கே நிலமுள்ள குடும்பங்களுக்குத் தோட்டமும் கிணறும் பனையும் கைகொடுத்தன. நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு அந்த ஆதரவு இருக்கவில்லை. பனை ஏறி வாழ்ந்தவர்களில் பலருக்கு ஏறிய பனைகூடச் சொந்தமாக இருக்கவில்லை. “யாழ்ப்பாணத்தான் பனையை வைத்துப் பிழைத்துக்கொண்டான்” என்று எழுதுவோர் இதை மறந்துவிடக்கூடாது என்பது என் வேண்டுகோள். நீங்கள் ஆய்வு செய்வதானால், பழைய வீடுகளின் றங்குப் பெட்டிகளில் கிடக்கும் ஒற்றி உறுதிகளையும் ஈட்டு உறுதிகளையும், குறிப்பாக 1930க்கும் 1935க்கும் இடைப்பட்டவற்றை, உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். மணியோடர் நின்றதும் எந்தக் காணி யாரிடம் போனது என்பதை அவை சொல்லக்கூடும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தமையன் மாதந்தோறும் 100 டொலர் வீதம் அனுப்பி வந்தார். 2022இல் டொலர் ஏறியதும், “இப்போது உங்களுக்குக் கூடக் காசு வருகிறதுதானே, பிறகென்ன குறை” என்று கேட்டார். அதன்பின் எனக்கு அவருடன் மனம்விட்டுப் பேச முடியவில்லை.
– ஆசிரியை, மானிப்பாய்

பதில்: உங்கள் தமையனாரைக் கணக்குத் தெரியாதவர் என்று நினைக்காதீர்கள், அவர் கணக்கில் பாதியை மட்டும் பார்த்திருக்கிறார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. அமெரிக்க டொலராக வைத்துக்கொண்டால், 20,000 ரூபாவாக வந்த காசு 36,000 ரூபாவாக வந்தது. கனேடிய டொலருக்குத் தொகை குறைவாயினும் போக்கு அதுவே. இது அவர் பார்த்த பாதி. மற்றப் பாதி இங்கே சந்தையில் நடந்தது: 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. 20,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 39,000 ரூபா தேவைப்பட்ட நேரத்தில் உங்கள் கையில் 36,000 இருந்தது. கூடுதலாக வந்த காசு குறைவான சாமானையே வாங்கியது. உங்கள் சொந்தச் சம்பளம் உயராமல் இருந்ததை இதனோடு சேர்த்தால் குறை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

இதைக் கடிதமாக எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் இதைச் சொன்னால் குரல் தளும்பும்; அவர் குற்றஞ்சாட்டப்பட்டதாக உணர்வார்; பேச்சு வேறெங்கோ போய்விடும். அங்கே அவருக்கும் வீட்டுக் கடனும் குளிர்கால எரிவாயுச் செலவும் ஏறியிருக்கும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு எழுதுங்கள். கூடப்பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் கணக்குக் காட்டுவதை நாம் அவமரியாதையாக நினைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் உங்கள் இருவருக்கும் இடையில் நிற்கிறது.

கேள்வி: 1990களில் நாங்கள் பட்ட பாட்டின் முன் 2022 எந்த மூலைக்கு? மின்சாரமும் பெற்றோலும் சவர்க்காரமும் இல்லாமல் வருடக்கணக்காக இருந்தோம். இன்றைய இளம் குடும்பங்கள் ஏன் இவ்வளவு புலம்புகின்றன?
– இளைப்பாறிய அதிபர், காரைநகர்

பதில்: ஐயா, உங்கள் தலைமுறை பட்டதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் அரசு யாழ்ப்பாணத்துக்கு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குண்டு வீச்சும் இடப்பெயர்வும் அதன் மேலே இருந்தன. உயிராபத்தை அளவுகோலாக எடுத்தால் 2022 அதனருகே வராது.

ஆயினும் குடும்பத்தின் உள்ளே நிகழ்ந்ததை அளவுகோலாக எடுத்தால் இரண்டும் வெவ்வேறு வகையானவை என்றே நான் எண்ணுகிறேன். தடைக் காலத்தில் கடையில் பொருள் இல்லை. ஒழுங்கையின் இந்தக் கரையில் இருந்த டாக்டர் வீட்டிலும் அந்தக் கரையில் இருந்த கூலித் தொழிலாளி வீட்டிலும் அதே போத்தல் விளக்குத்தான் எரிந்தது. இல்லையென்று சொல்ல யாரும் கூச்சப்படவில்லை. ஒரு வீட்டில் சீனி வந்தால் நாலு வீடு அறிந்தது. 2022இன் முதற்பாதியும் ஓரளவு அப்படித்தான் இருந்தது. மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, பெற்றோல் நிலையங்களின் முன் இரவு பகலான வரிசை, எரிவாயு சிலிண்டர் இல்லாமல் மீண்டும் மூட்டிய விறகடுப்பு ஆகியவை எல்லோருக்கும் பொதுவாயிருந்தன. ஊமலும் பொச்சும் மட்டையும் தேடி வளவைச் சுற்றியவர்களில் வசதியானவர்களும் இருந்தார்கள்.

பிற்பாதி வேறு. ஓகஸ்டில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். அட்டை முறை நடைமுறைக்கு வந்து வரிசைகள் குறைந்தன. கடைகளில் பொருள் திரும்பியது. விலை மட்டும் திரும்பவில்லை. 2021 ஒக்ரோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகியிருந்தது. 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஓகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாவாகியது. படகு இயந்திரத்துக்கும் தோட்டத்துக்கு நீரிறைக்கவும் மண்ணெண்ணெயை நம்பியிருந்த நம்மவர்களுக்கு அந்த ஒரு நாள் என்ன பொருள் தந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். தோட்டக்காரருக்கு அதற்கு முந்திய வருடமே இரசாயன உர இறக்குமதித் தடை ஓர் அடி கொடுத்திருந்தது. இந்தக் கட்டத்தில்தான் இல்லாமை தனித்தனி வீடுகளுக்குள் போனது. வெளிநாட்டுக் காசு வரும் வீடு வாங்கியது. வராத வீடு வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கும் மணம் வரும்போது, தன் வீட்டில் இன்று பாணும் சம்பலும் மட்டுமே என்பதை அந்தத் தாய் எவரிடமும் சொல்லவில்லை. படலைக்குள் மறைந்த இந்தப் பஞ்சத்துக்கு அயலவர் உதவ வழியே இருக்கவில்லை, ஏனெனில் அயலவருக்கு அது தெரியாது.

இளையவர்கள் புலம்புகிறார்கள் என்கிறீர்கள். புலம்புகிறவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை, ஐயா. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், மதியம் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு நூலகத்தில் இருந்தவர்களைப் பற்றியே கவலைப்படுகிறேன். உங்கள் பழைய மாணவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் வீட்டுக்கு ஒரு பின்னேரம் சும்மா போய் இருந்து பேசிவிட்டு வாருங்கள். அதிபர் வந்தார் என்றால் அவர்கள் மறைக்கமாட்டார்கள்.

கேள்வி: பூப்பெய்திய மகளுக்குச் சாமத்திய வீடு செய்ய வேண்டும். மண்டபம், வீடியோ, அலங்காரம் என்று செய்யாவிட்டால் சபையில் தலைகாட்ட முடியாது என்கிறார்கள் கணவரின் சகோதரிகள். காப்பை அடகு வைத்துச் செய்யலாமா?
– தாய், சாவகச்சேரி

பதில்: வேண்டாம். மாமியும் சித்தியும் சேர்ந்து வீட்டு முற்றத்தில் தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டால் சடங்கு முழுமையாக நிறைவேறிவிடுகிறது; மண்டபமும் வீடியோவும் அதில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தவை. காப்பை அடகு வைக்கவேண்டிய நாள் ஒன்று வரலாம். அது மகளுக்கு நோய் வந்த நாளாகவோ பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாளாகவோ இருக்கட்டும்.

கணவரின் சகோதரிகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை; அவர்களுடைய தமையனோ தம்பியோ சொல்லட்டும். அடகு வைத்தே தீரவேண்டிய நிலை எப்போதாவது வந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் கடனை எடுக்காதீர்கள். அத்தகைய நுண்கடன்களால் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட பாடு பெருகியபின், 2018இல் அரசு அவற்றின் வட்டிக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று எல்லை வகுக்கவேண்டி வந்தது என்பதை நினைவில் வையுங்கள். எல்லை வகுத்த பின்னும் 35 வீதம் என்பது 35 வீதம்தான்.

கேள்வி: பால்மா வாங்க முடியாமல் மூன்று வயது மகனுக்குத் தேநீர் கொடுக்கிறேன். குற்ற உணர்வாக இருக்கிறது. என்ன கொடுக்கலாம்?
– இளம் தாய், பருத்தித்துறை

பதில்: குற்ற உணர்வு வேண்டாம்; தேநீரை மட்டும் நிறுத்துங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெட்டிப் பால்மா இன்றியமையாதது அல்ல. பருத்தித்துறையில் இருக்கிறீர்கள், விளைமீனும் பாரையும் எட்டாத விலையானாலும் சூடையும் நெத்தலியும் பல நாள்களில் கைக்கு எட்டும். நெத்தலியை முள்ளோடு மென்மையாகச் சமைத்து நன்றாக மசித்துக் கொடுத்தால் பாலில் தேடும் கல்சியம் அதில் கிடைக்கும். குரக்கன் கஞ்சியும் அதே சத்தைத் தரும். முருங்கை இலை வறை, முட்டை கிடைக்கும் நாளில் முட்டை, பருப்போடு சோறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். மரவள்ளி வயிற்றை நிரப்பும், ஆனால் புரதம் மிகக் குறைவு. அதை அவிக்கும்போது மூடாமல் அவித்து நீரை வடித்து ஊற்றிவிட்டு, மீனோடு சேர்த்துக் கொடுங்கள். ஒடியல் மாவை நம் பாட்டிமார் நீரில் ஊறவைத்துப் பிழிந்தே புட்டு அவித்தார்கள். அவசரத்தில் அந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளையின் நிறையைச் சிகிச்சை நிலையத்தில் மாதந்தோறும் நிறுத்து, அட்டையிலுள்ள கோடு கீழே சாய்ந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமல் கேளுங்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோசா என்னும் சத்துமா கொடுக்கும் ஏற்பாடு அவர்கள் வழியாகவே நடக்கிறது. இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன்: நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. சட்டியில் மிஞ்சியதைத் தாய் சாப்பிடுவது என்ற வழக்கத்தை நெருக்கடிக் காலம் இன்னும் இறுக்கிவிடுகிறது. எல்லோருக்கும் போடும்போதே உங்கள் கோப்பையிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். என் குசினிச் செலவு குறையவில்லையே. வீட்டில் தையல் தொழில் செய்கிறேன். விலைகள் பழையபடி இறங்கும் என்ற நம்பிக்கையில் 2021இல் வாங்கிய கூலியையே இன்றும் வாங்குகிறேன்.
– தையற் தொழிலாளி, சுன்னாகம்

பதில்: பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. ஏறிய விலை இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அதே கொழும்புச் சுட்டெண்ணின்படி, 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாவாகியது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாக இறங்கியது என்றார்கள்; அது உண்மை. ஆனால் அந்தச் சாமான் அப்போது 172 ரூபாவாக இருந்தது. 100 ரூபாவுக்கு அது திரும்பவில்லை, திரும்பும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

அப்படியானால் நீங்கள் பழைய கூலியை வாங்கும் ஒவ்வொரு சட்டைக்கும் ஐந்தில் இரண்டு பங்குக் கூலியை வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள். நூலும் பொத்தானும் ஊசியும் புதிய விலையில் வாங்குகிறீர்கள். உங்கள் முதுகு வலியை மட்டும் பழைய விலைக்குக் கொடுக்கிறீர்கள். ஒரே தடவையில் முழுவதையும் ஏற்றத் தயங்கினால் இரண்டு தடவையாக ஏற்றுங்கள். புதிய கூலியை ஒரு மட்டையில் எழுதித் தையல் மெசினுக்கு மேலே சுவரில் மாட்டிவிடுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது உதவும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துணி வந்து குவியும் முன்னரே இதைச் செய்யுங்கள், ஏனெனில் துணியை வாங்கி வைத்துக்கொண்ட பின் கூலி பேசுவது உங்களுக்கும் கடினம், கொடுத்தவருக்கும் மனக்கசப்பு.